விளக்குக்காரர் பதில்கள்: ஒன்பது பேர், ஒரு மேடை

போன மாதம் பேச்சுவாக்கில், ஒரு நவீன நடனக் குழுவுக்கு 19 வருடமாக விளக்குப் போடுகிறேன் என்று எழுதிவிட்டேன். அவ்வளவுதான். மைக் இரைச்சல், சபா கேன்டீன் போண்டா என்று வழக்கமாக வரும் கேள்விகளை எல்லாம் விட்டுவிட்டு, ஆளாளுக்கு அந்தக் குழுவையே பிடித்துக்கொண்டீர்கள். சரி, இந்த மாதம் முழுக்க அதுவே. எங்கள் குழுவில் ஆடுகிறவர்கள் ஆறு பேர். இசைக்கு ஒருவர், துணிக்கு ஒருவர், விளக்குக்கு நான். கணக்கு வழக்கு பார்க்க ஆள் கிடையாது. கணக்கு வழக்கு என்று ஒன்று இருந்தால்தானே.

*

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்திருக்கிறோம். இசையமைக்கிற நண்பன், ‘ஆட்டத்தை முதலில் காட்டு, அப்புறம் மியூசிக் போடுகிறேன்’ என்கிறான். எனக்கோ பாட்டு இல்லாமல் கால் எழவே மாட்டேன் என்கிறது. மூன்று மாதமாக இதே இடத்தில் நிற்கிறோம். யார் முதலில் சார்?
— ஆடும் பெண், கோயம்புத்தூர்

பந்தி பரிமாறியாகிவிட்டது, பெரியவர் கை வைக்கட்டும் என்று நீயும் அவனும் மாற்றி மாற்றிக் காத்திருக்கிறீர்கள். சோறு ஆறுகிறதம்மா.

இந்தக் கேள்வியையே தூக்கிக் கடாசியவர்கள் இருக்கிறார்கள். நியூயார்க்கில் மெர்ஸ் கன்னிங்ஹாம் என்று ஓர் ஆட்டக்காரர், ஜான் கேஜ் என்று ஓர் இசைக்காரர். 1953இல் கன்னிங்ஹாம் கம்பெனி தொடங்கியதிலிருந்து, 1992இல் கேஜ் சாகும்வரை இருவரும் கூட்டு. ஆட்டம் எத்தனை நிமிடம் என்பதை மட்டும் பேசிக்கொள்வார்கள். அப்புறம் அவரவர் வீட்டில் அவரவர் வேலை. ஒத்திகையில் தாளம் கிடையாது, ஸ்டாப்வாட்ச்தான். பல ஆட்டங்களில் ஆடுகிறவர்கள் இசையை முதன்முதலாகக் கேட்டதே மேடையில், கூட்டத்தோடு கூட்டமாகத்தான். ஓவியருக்கும் இதே சட்டம். 1958இல் ‘சம்மர்ஸ்பேஸ்’ என்ற ஆட்டத்துக்குத் திரை வரைய வந்த ராபர்ட் ராஷன்பெர்க்கிடம், இந்த ஆட்டத்துக்கு நடு என்று ஓர் இடம் கிடையாது என்பதை மட்டும்தான் கன்னிங்ஹாம் சொன்னாராம். ராஷன்பெர்க் திரை முழுக்கப் புள்ளி வைத்தார். உடையிலும் அதே புள்ளி. ஆடுகிறவர் அசையாமல் நின்றால் திரைக்குள் கரைந்துபோவார், நகர்ந்தால்தான் தெரிவார். ஒரே ஒரு வரிச் செய்தியில் அவ்வளவு வேலை.

இதற்கு நேர் எதிரும் உண்டு. சென்னையில் பிறந்து லண்டனில் குழு நடத்துகிறவர் ஷோபனா ஜெயசிங். 1988இல் அவர் பரதநாட்டியத் தாளக் கணக்கை முதலில் வகுத்துக் கொடுத்தார். அந்தக் கணக்குக்குள் உட்கார்ந்து மைக்கேல் நைமன் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் நான்கு தந்திக் கருவிகளுக்கு எழுதினார். நம் ஊர் நட்டுவனார் கேட்டால் ‘இதிலென்ன அதிசயம்’ என்பார். அதிசயம் ஒன்றுமில்லை. வெள்ளைக்காரர் ஒருவர் நம் கணக்கில் எழுதினார், அவ்வளவுதான்.

ஆக, இரண்டு வழியும் நடக்கும். நடக்காதது, நீங்கள் செய்கிற மாதிரி காத்திருப்பது.

எங்கள் கதையைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் ஒத்திகை. முகூர்த்தம் இல்லாத நாளில் வாடகை குறைவு. இசையமைப்பாளர் உன் நண்பன் ரகம்: ‘முழு ஆட்டத்தையும் பார்த்தால்தான் தொடுவேன்.’ ஆடுகிறவர்கள் பாட்டில்லாமல் இரண்டு மாதம் ஆடினார்கள். ஆச்சரியமாக எல்லாரும் சேர்ந்தே கால் வைத்தார்கள், சேர்ந்தே திரும்பினார்கள். எப்படி என்று யாருக்கும் தெரியாது. ‘மூச்சு ஒன்றாகிவிட்டது’ என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போனது. மேலே சுழன்றுகொண்டிருந்த பழைய சீலிங் ஃபேன் டக், டக், என்று வேகம் குறைய ஆரம்பித்தது. இருட்டில் ஆறு பேரும் அதோடு சேர்ந்து மெதுவானார்கள். கடைசி ‘டக்’கில் ஆறு பேரும் நின்றார்கள். மூச்சாவது ஒன்றாவது! இரண்டு மாதமாக ஃபேனுக்கு ஆடியிருக்கிறார்கள்.

இசையமைப்பாளர் மறுநாள் ரெக்கார்டரோடு வந்து ஸ்டூல் மேல் ஏறி அந்த ஃபேனைப் பதிவு செய்தார். நின்றுபோகிற அந்த 40 நொடிதான் எங்கள் முதல் ஆட்டத்தின் முடிவு.

நீ செய்ய வேண்டியது: ஏழு நிமிடம் என்று நண்பனிடம் பேசிக்கொள். இரண்டு வாரம் ஒருவர் வேலையை ஒருவர் பார்க்காதீர்கள். பிறகு இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, எதையும் மாற்றாமல் மூன்று தடவை ஓட்டுங்கள். முதல் தடவை வயிறு எரியும். மூன்றாம் தடவை ஏதோ ஓர் இடத்தில் இரண்டும் தற்செயலாக முட்டிக்கொள்ளும். அந்த இடத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

*

தாளத்துக்கு ஆடாதது ஆட்டமா? எங்கள் ஊர் நட்டுவனார் இருந்திருந்தால் தட்டுக்கழியைத் தூக்கி எறிந்திருப்பார். பாட்டு ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம் என்பதைக் கலை என்று எப்படி ஏற்பது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

எறியட்டும் ஐயா. அவர் காலம், அவர் கை.

நான் பிறந்தது செய்யாறு பக்கம். விளக்கு என்று ஒன்றை நான் முதலில் உற்றுப் பார்த்தது கூத்து மேடையின் பெட்ரோமாக்ஸில்தான். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் சலங்கை கேட்கும், கிரீடம் மட்டும் தெரியும். துரியோதனன் எப்போது வெளியே வருவான் என்று மத்தளக்காரருக்கும் நிச்சயமாகத் தெரியாது. வேஷக்காரருக்கு உற்சாகம் வந்தால் இன்னும் நாலு சுற்று. பின்பாட்டு அவரைத் துரத்தும், முகவீணை அவரைத் துரத்தும், கட்டியங்காரன் நடுவில் புகுந்து ‘ராஜாவுக்குக் கால் வலிக்குது’ என்பான். இறுகக் கட்டியதும் அல்ல, அவிழ்த்துவிட்டதும் அல்ல. அதையும் நம் ஊரில் ஆட்டம் என்றுதான் சொல்கிறோம்.

இன்னொன்று. உங்கள் ஊரில் சாமி புறப்பாடு பார்த்திருப்பீர்கள். நாயனம் ஒரு பக்கம், வேட்டு ஒரு பக்கம், பலூன்காரன் பீப்பீ ஒரு பக்கம், தோளில் தூக்கிய குழந்தையின் அழுகை ஒரு பக்கம். எதுவும் எதற்கும் தாளம் போடவில்லை. உங்கள் கண் சாமியை விட்டு நகர்ந்ததா? கன்னிங்ஹாம் கேட்டது கிட்டத்தட்ட அதைத்தான்: காது ஒன்றைக் கேட்கட்டும், கண் ஒன்றைப் பார்க்கட்டும், சேர்க்கிற வேலையைப் பார்க்கிறவர் செய்யட்டும்.

இந்த யோசனையில் நம் நாட்டுப் பங்கும் கொஞ்சம் உண்டு. 1946இல் அகமதாபாத் கீதா சாராபாய் நியூயார்க் போய் கேஜைச் சந்தித்தார். அவர் இவருக்கு மேற்கத்திய இசை சொல்லிக் கொடுத்தார், இவர் அவருக்கு நம் இசை. காசு பரிமாற்றம் இல்லை, பாடத்துக்குப் பாடம். மனத்தை அமைதிப்படுத்துவதே இசையின் வேலை என்று கீதா சாராபாயின் ஆசிரியர் சொன்னதை, கேஜ் அப்புறம் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். 1964 உலகப் பயணத்தில் கன்னிங்ஹாம் கம்பெனி இந்தியா வந்தபோது வரவேற்றதும் அந்தக் குடும்பம்தான்.

இவ்வளவு வக்காலத்து வாங்கிவிட்டேன் என்பதால் எல்லாம் எனக்குப் பிடிக்கும் என்று நினைக்காதீர்கள். அந்த வகை ஆட்டங்களின் வீடியோ பார்க்கும்போது இரண்டு முறை தூங்கியிருக்கிறேன். ஒரு முறை குறட்டையும் விட்டதாக மனைவி சொல்கிறாள்.

*

300 ரூபாய் டிக்கெட். முக்கால் மணி நேரம் இருட்டில் யாரோ உருண்டார்கள். முகம்கூடத் தெரியவில்லை. நவீன நடனம் என்றால் கரண்ட் பில் மிச்சமா?
— பி.எம்., மதுரை

அடி எனக்குத்தான். வாங்கிக்கொள்கிறேன்.

முதலில் தொழில் விஷயம். பரதநாட்டியத்துக்கு முகம் வேண்டும், கண் வேண்டும். அதனால் முன்னாலிருந்து வெளிச்சம் அடிப்போம். முன் வெளிச்சத்தில் முகம் பளிச்சென்று இருக்கும், ஆனால் உடம்பு போஸ்ட் கார்டு மாதிரித் தட்டையாகிவிடும். நவீன நடனத்தில் கதை சொல்வது முதுகு, விலா, தொடை. அதற்கு விங்ஸில், அதாவது மேடையின் இரு ஓர மறைவில், ஸ்டாண்டு போட்டு, கணுக்கால் உயரத்தில் ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று, தலை உயரத்தில் ஒன்று என்று பக்கவாட்டில் அடிக்கிறோம். அப்போது ஒரு பக்க விலா எலும்பு வெளிச்சம், மறுபக்கம் நிழல். உடம்பு சிற்பம் மாதிரி எழுந்து நிற்கும். இதற்குக் கொடுக்கிற விலை, முகத்தில் பாதி இருட்டு. ஆக, நீங்கள் முகம் தேடிய இடத்தில் நாங்கள் முதுகைக் காட்டியிருப்போம்.

உங்கள் மதுரை ஆட்டத்தில் அதற்கும் மேலே போய்விட்டார்கள் போலிருக்கிறது. அதற்கும் ஒரு பாட்டன் உண்டு. 1964இல் கன்னிங்ஹாமின் ‘வின்டர்பிராஞ்ச்’ ஆட்டத்துக்கு விளக்கு, அதே ராஷன்பெர்க். ராத்திரி நெடுஞ்சாலை மாதிரி மேடை: இருட்டு, திடீரென்று ஹெட்லைட் கண்ணில் அடிக்கிற மாதிரி ஒரு வெளிச்சம், மறுபடி இருட்டு. எந்த விளக்கு எப்போது என்பது ஒவ்வொரு ராத்திரியும் மாறும். ஜெர்மனியில் பார்த்தவர்கள் வதைமுகாம் என்றார்கள். லண்டனில் குண்டு விழுந்த நகரம் என்றார்கள். ஜப்பானில் அணுகுண்டு என்றார்கள். ஒரு கப்பல் கேப்டனின் மனைவி கப்பல் உடைந்து மூழ்குவதைப் பார்த்தேன் என்றாராம். கன்னிங்ஹாமே சொன்ன கதை இது. இருட்டு அந்த அளவுக்கு வேலை செய்தால் சரி. நான் செய்ய மாட்டேன். ஆடுகிறவர் காலை எங்கே வைக்கிறார் என்று தெரியாமல் விளக்குப் போடுவதற்கு எனக்குத் தைரியம் கிடையாது.

இருட்டு எனக்கு வேறு விதமாகக் கற்றுக்கொடுத்தது. எங்கள் இரண்டாவது நிகழ்ச்சி. துணி பார்க்கும் அம்மா அருமையான அடர்நீலக் கைத்தறியில் ஆறு பேருக்கும் உடை தைத்திருந்தார். நான் ஒத்திகைக்கே போகவில்லை. அப்போது இரண்டு குழுவுக்கு ஓடிக்கொண்டிருந்தேன், திமிரும் இருந்தது. நிகழ்ச்சியன்று மத்தியானம் போய், சாயங்கால வெயில் மாதிரி இருக்கட்டும் என்று எல்லா விளக்கிலும் ஆம்பர் ஜெல் (விளக்கின் முன் மாட்டும் மஞ்சள் வண்ணத் தாள்) போட்டேன். மஞ்சள் வெளிச்சத்தில் நீலத் துணி கருப்பாகிவிடும், இது முதல் வருடப் பாடம். பின்னால் கருப்புத் திரை. திரை விலகியதும் ஆறு தலையும் பன்னிரண்டு கையும் தனியாக அந்தரத்தில் மிதந்தன. முன்வரிசைக் குழந்தை ஒன்று ‘பேய்!’ என்றது. சோகமான ஆட்டம் அது. அரங்கமே சிரித்தது.

அந்த அம்மா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. மூன்றாவது வாரம் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே துண்டு துண்டாகத் துணி, 30 நிறம் இருக்கும். ‘உன் ஜெல்லை எல்லாம் எடு’ என்றார். டார்ச் லைட் முன்னால் ஒவ்வொரு ஜெல்லாகப் பிடித்து, ஒவ்வொரு துணியாகப் பார்த்தோம். காபி ஆறிப்போய் ஏடு படிந்தது. இன்றைக்கும் புது ஆட்டம் என்றால் முதலில் வருவது அந்த டப்பாதான்.

*

ஒரு கணக்குப் புத்தகத்தை மேடையில் ஆட்டமாக்கினார் சந்திரலேகா என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். உண்மையா? கணக்கை எப்படி ஆடுவது?
— கணித மாணவி, திருநெல்வேலி

உண்மைதான் பாப்பா. 1989, ‘லீலாவதி’. பாஸ்கராச்சாரியார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய கணக்கு நூல். அதிலிருந்து ஒரு கணக்கு தருகிறேன்: ஒரு தேனீக் கூட்டம். ஐந்தில் ஒரு பங்கு கடம்ப மரத்துக்குப் போயிற்று. மூன்றில் ஒரு பங்கு சிலீந்திரப் பூவுக்கு. இந்த இரண்டு பங்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் போல மூன்று மடங்கு குடசப் பூவுக்கு. மிச்சம் ஒரே ஒரு தேனீ. ஒரு பக்கம் மல்லிகை இழுக்கிறது, மறுபக்கம் தாழை இழுக்கிறது, எங்கே போவதென்று தெரியாமல் காற்றில் சுற்றுகிறது. மொத்தம் எத்தனை? பேப்பர் எடுக்காமல் சொல். (15.) விடையைவிட அந்தக் கடைசித் தேனீயைப் பார். அது கணக்கா, நாட்டியத்தில் ஆடும் காதல் பாட்டான பதமா? தவிக்கும் நாயகியின் பாவம் ஏற்கெனவே கணக்குக்குள் உட்கார்ந்திருக்கிறது.

சந்திரலேகாவைப் பற்றிக் கேட்டதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மகாராஷ்டிரத்தில் 1928இல் பிறந்தவர். சென்னை வந்து காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதநாட்டியம் கற்றார். 1952இல் அரங்கேற்றம், ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக. ‘மதுரா நகரிலோ’ என்ற உருப்படியை ஆடுகிறார். யமுனை நீர் அலையடிப்பதைக் கையில் காட்டிக்கொண்டிருக்கும்போதே, வெடித்த நிலத்தின் படங்கள் கண்முன் வந்து நின்றனவாம். வறட்சிக்குக் காசு திரட்டும் மேடையில் தண்ணீர் விளையாட்டு! அந்த உறுத்தலைப் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். நடுவில் பல வருடம் மேடையை விட்டே விலகியிருந்தார். 1985இல் ‘அங்கிகா’வோடு திரும்பியபோது பரதம், யோகம், களரிப்பயிற்று மூன்றும் ஒரே மேடையில் நின்றன. நகையும் தலைச்சாமான்களும் போயிருந்தன.

என் தொழிலுக்குச் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். பெசன்ட் நகர் கடற்கரையோரம் அவர் இருந்த இடத்தில் அவரோடு இருந்தவர்கள் இருவர். தஷ்ரத் படேல் ஓவியர், குயவர், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் தொடக்ககால ஆள். சதானந்த் மேனன் பத்திரிகையாளர். சந்திரலேகாவின் ஆட்டங்களுக்கு விளக்கு அவர்தான். பத்திரிகைக்காரர் விளக்குப் போடுவதா என்று எங்கள் விளக்குக் கடைப் பையன்கள் முணுமுணுப்பார்கள். நானும் முணுமுணுத்தவன்தான். பிறகு ‘சரீரா’ பார்த்தேன். 2001இல் செய்த ஆட்டம். துருபத் என்ற பழைய வட இந்திய இசை, ஒரு பெண், ஓர் ஆண். அந்தப் பெண் டிஷானி தோஷி, கவிஞர். அந்த ஆண் ஷாஜி ஜான், களரிக்காரர். இரண்டு பேருமே அரங்கேற்றம் முடித்த ‘டான்ஸர்’ இல்லை. பாட்டு நகர்வதே தெரியாமல் நகர்கிறது, உடம்பும் அப்படியே. தொழில் புத்தியில் எத்தனை க்யூ, அதாவது எத்தனை தடவை வெளிச்ச மாற்றம், போடுகிறார் என்று எண்ண ஆரம்பித்தேன். பத்து நிமிடத்தில் எண்ணிக்கை மறந்துபோயிற்று. வீடு வந்து சேர்ந்தபோதுதான் எண்ண வந்ததே நினைவுக்கு வந்தது.

ஓவியரும் பத்திரிகையாளரும் கவிஞரும் களரிக்காரரும். ஒருவர் தொழிலை ஒருவர் செய்ய முயலவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2006 டிசம்பரில் சந்திரலேகா காலமானார். அவரிடம் 1991 முதல் பத்து வருடம் ஆடிய பத்மினி செட்டூர் இப்போது தனக்கென ஒரு வழியில் செய்கிறார். சென்னையில் வாழும் டச்சு சாக்ஸபோன்காரர் மார்ட்டன் விஸ்ஸரின் ஒலியோடு. கிடைத்தால் பார். மெதுவாக இருக்கும், போனை அணைத்துவிட்டு உட்கார்.

*

என் மகன் பி.இ. முடித்துவிட்டு நவீன நடனக் குழுவில் சேர்கிறேன் என்கிறான். வயிறு நிறையுமா?
— ஒரு தாய், ஈரோடு

நிறையாதம்மா. பொய் சொல்லி எனக்கென்ன ஆகப்போகிறது. எங்கள் ஆறு பேரில் ஒருவர் யோகா கற்றுக்கொடுக்கிறார், ஒருவர் பேங்க், ஒருவர் பள்ளிக்கூட பி.டி. டீச்சர். நான் இன்றைக்கும் கல்யாண ரிசப்ஷனுக்கு சீரியல் லைட் கட்டுகிறேன். மேலே சொன்ன பத்மினி செட்டூரும் வேதியியல் படித்துவிட்டு வந்தவர்தான்.

பெரிய கம்பெனிகளும் இதற்கு விலக்கல்ல. ஜான் கேஜுக்குக் காளான் மேல் பைத்தியம். 1959இல் இத்தாலி டிவியில் ஒரு கேள்வி-பதில் போட்டியில் காளான்களைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிப் பெரிய பரிசு ஜெயித்தார். அந்தக் காசில் கம்பெனிக்கு ஒரு ஃபோக்ஸ்வேகன் பஸ் வாங்கினார். ஆடுகிறவர்கள் ஆறு, இசைக்கு இரண்டு, மேடைக்கு ஒருவர், ஆக ஒன்பது பேர் அதில் ஊர் ஊராகப் போனார்கள். பெரும்பாலும் ஓட்டியதும் கேஜ்தான். கேள்வி-பதில் எழுதும் எனக்கு யாரும் பஸ் தரவில்லை.

பையனை இரண்டு வருடம் விடுங்கள். பி.இ. சர்ட்டிஃபிகேட் பீரோவிலேயே இருக்கட்டும், கெட்டுப்போகாது.

*

ஒரு குழுவில் நான்கு மாதம் ஆடினேன். பல அசைவுகள் என்னிடமிருந்து வந்தவை. நிகழ்ச்சித் தாளில் ‘நடன அமைப்பு’ என்று அக்கா பெயர் மட்டும். கேட்டால் ‘நாம எல்லாம் ஒரே குடும்பம்’ என்கிறார். இப்போது விலகிவிட்டேன். என் அசைவுகளை இன்னும் ஆடுகிறார்கள்.
— பெயர் வேண்டாம்

‘குடும்பம்’ என்ற சொல் எங்கே வருகிறதோ அங்கே பேப்பர் வராது. சொத்துத் தகராறு குடும்பத்தில்தானே வருகிறது.

எனக்கும் நடந்திருக்கிறது. 26 வயதில் ஒரு நாட்டிய நாடகத்துக்கு மூன்று ராத்திரி தூங்காமல் விளக்கு அமைத்தேன். அழைப்பிதழில் ‘ஒளி: மண்டபத்தார்’ என்று போட்டார்கள். அந்த அழைப்பிதழ் இன்னும் வைத்திருக்கிறேன், கோபத்துக்கு அல்ல. சரி, கோபத்துக்கும்தான்.

பெரிய இடத்திலும் நடக்கும். 1968இல் கன்னிங்ஹாமின் ‘ரெயின்ஃபாரஸ்ட்’ ஆட்டம். மேடை முழுக்க ஓவியர் ஆண்டி வார்ஹாலின் வெள்ளித் தலையணைகள், ஹீலியம் நிரப்பியவை, கால் பட்டால் மிதந்து போகும். எல்லாருக்கும் அதுதான் நினைவிருக்கிறது. தோல் நிற உடையை பிளேடால் அங்கங்கே கிழித்துக் கிழித்து அந்த ஆட்டத்துக்கு ஒரு காட்டுக் களை கொடுத்தவர் ஜாஸ்பர் ஜான்ஸ். அந்த உடைக்கு அவர் பெயர் போடப்படவில்லை. அவர் அப்போதே பெரிய ஓவியர், அவருக்கு நஷ்டமில்லை. உனக்கும் எனக்கும் அப்படி இல்லை.

போனதை விடு என்று சொல்ல மாட்டேன். அந்த அக்காவுக்கு ஒரே ஒரு கடிதம் எழுது. அழுகை, பழைய கதை எதுவும் வேண்டாம். எந்தப் பகுதி, எந்த நிமிடம், எந்த ஒத்திகையில் நீ கொண்டுவந்தாய் என்று எழுதி, ‘ஆடியவர்களோடு சேர்ந்து உருவாக்கியது’ என்று போடச் சொல். அந்த வரியைச் சேர்க்க ஒரு பைசா செலவில்லை. அடுத்த குழுவில் முதல் ஒத்திகைக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்: யார் பெயர் எப்படி வரும், சம்பளம் எவ்வளவு, ஒருவர் விலகினால் அவர் செய்தது என்னாகும், குழுவே கலைந்தால் என்னாகும்.

கடைசிக் கேள்வியைக் கேட்டால் சகுனம் பார்ப்பார்கள். கன்னிங்ஹாம் கம்பெனி பார்க்கவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே திட்டம் போட்டு எழுதி வைத்தார்கள்: அவருக்குப் பிறகு இரண்டு வருடப் பயணம், அதோடு மூடுவிழா, ஆடுகிறவர்கள், இசைக்காரர்கள், ஊழியர்களுக்கு அடுத்த வேலை தேடும்வரை கைச்செலவுக்குத் தொகை. 2009இல் அவர் போனார். 2011 டிசம்பர் 31 ராத்திரி நியூயார்க்கில் கடைசி ஆட்டம், சொன்னபடியே மூடிவிட்டார்கள்.

*

தாயம் உருட்டி ஆட்டத்தை முடிவு செய்வார்களாமே?
— சி.ஜே., நாகர்கோவில்

ஆமாம். 2003இல் கன்னிங்ஹாமின் ‘ஸ்பிளிட் சைட்ஸ்’. ஆட்டம் இரண்டு, இசை இரண்டு (ரேடியோஹெட், சிகுர் ரோஸ் என்ற ராக் குழுக்கள் ஆளுக்கு ஒன்று), திரை இரண்டு, உடை இரண்டு, விளக்கு இரண்டு. எது முன்னால், எது பின்னால் என்று நிகழ்ச்சிக்கு முன் மேடையிலேயே உருட்டுவார்கள். மொத்தம் 32 விதம் வரும். பார்க்க ஜோர். விளக்குகளை இயக்கும் கன்சோலில் உட்கார்ந்திருக்கிறவன் வயிற்றைக் கலக்குவதைப் பற்றி யாராவது யோசித்தார்களா?

*

ஒன்பது பேர் என்றால் சண்டை வராதா? வந்தால் எப்படித் தீர்ப்பீர்கள்?
— ஆர்.வி., புதுச்சேரி

வரும். தீர்ப்பதில்லை.

ராஷன்பெர்க் கதையையே எடுங்கள். பத்து வருடம் அந்தக் கம்பெனிக்குத் திரை, உடை, விளக்கு எல்லாம் அவர். 1964 பயணத்தின் நடுவில் வெனிஸில் பெரிய பரிசு கிடைத்து உலகப் புகழ் வந்துவிட்டது. பத்திரிகைக்காரர்கள் ஆட்டக்காரரை விட்டுவிட்டு ஓவியரைச் சுற்றினார்கள். மனஸ்தாபம். பயணம் முடிந்ததும் விலகிவிட்டார். 1977இல் மறுபடி வந்து ஓர் ஆட்டத்துக்குத் திரையும் உடையும் செய்தார். 13 வருடம். இடையில் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டார்கள் என்பதெல்லாம் நமக்கெதற்கு.

எங்கள் ஃபேன் இசையமைப்பாளரும் நாலு வருடத்துக்கு முன் போய்விட்டார். காரணம் ஒரு ஸ்பீக்கர் வாடகை, அதற்குள் வேறு பத்து காரணம். அந்த முதல் ஆட்டத்தை இன்னும் போடுகிறோம், தாளில் அவர் பெயர் இருக்கிறது, அவருக்குரியது போய்ச் சேர்கிறது. போன டிசம்பரில் ஒருநாள் சாயங்காலம், டெக்னிகல் ஒத்திகை நேரத்தில், சொல்லாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி கன்சோலில் இருந்தேன். கடைசி 40 நொடி வந்தது. எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

‘ஃபேன் சத்தம் ஜாஸ்தியா இருக்கு’ என்றார். பக்கத்தில் இருந்த மிக்ஸரில் அவரே குனிந்து கொஞ்சம் குறைத்தார். ‘இப்ப இன்னொரு தடவை போடு.’

போட்டேன்.